ஆள் பிரிக்கிற ஞாயிறு

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் டென்மார்க்கின் ஸ்கீவவில் எங்களுடைய கால்கள் சும்மா இருக்காது. வெளியே குளிர் அப்படியேதான் இருக்கும். மரங்களில் ஓர் இலை கிடையாது, ஃபியோர்ட் என்கிற கடற்கழிப் பக்கமிருந்து வருகிற காற்று காது மடலைப் பிடித்துத் திருகும். ஆனாலும் பஸ் தரிப்பிடத்தில் நிற்கிறவன் ஒரு கல்லைத் தட்டிக்கொண்டு நிற்பான். மொழிப் பாடசாலையில் மேசைக்குக் கீழே ஒருவன் சப்பாத்து நுனியால் கதிரைக் காலை உதைப்பான். ஆசிரியை திரும்பிப் பார்த்தால் நிறுத்துவான். அவன் நிறுத்தினால் இன்னொருவன் தொடங்குவான். ஆள் பிரிப்பு வருகிறது என்று அர்த்தம்.

ஆள் பிரிப்பு எப்படி வந்தது என்று சொல்லவேண்டும். ஸ்கீவ, விபோர்க், ஹேர்னிங், இக்காஸ்ட் என்று ஜூட்லாந்தில் நாங்கள் சிதறிக் கிடந்த நான்கு ஊர்களுக்கும் நான்கு அணிகள். கோடையில் ஒரு சுற்றுப்போட்டி. முதல் கோடையில் அவரவர் தன் பிறந்த ஊர்க்காரரோடு சேர்ந்து விளையாடினார்கள். அது மூலைக்கொடிக் கம்பை ஒருவர் முதுகில் முறித்ததோடு முடிந்தது. ரெண்டு பொலிஸ்காரர் வந்து, யார் எந்த அணி என்று விளங்காமல், எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். அந்தக் குளிர்காலத்தில்தான், முன்பு கப்பலில் வேலைசெய்து துறைமுகம் துறைமுகமாகத் திரிந்த ஒருவர் அமெரிக்காவைப் பற்றிச் சொன்னார். அங்கே சம்பளத்துக்கு விளையாடும் அணிகள் வருடத்துக்கு ஒருமுறை ஓரிடத்தில் கூடுமாம். புதிய ஆட்களை முறைவைத்துப் பிரித்தெடுக்குமாம். போன வருடம் கடைசியாக வந்தவனுக்குத்தான் முதல் ஆள்.

“சம்பளத்துக்கு விளையாடுறவனே வாயை மூடிக்கொண்டு எடுத்த இடத்துக்குப் போறான். சும்மா விளையாடுற உங்களுக்கு என்ன கேடு?” என்று கேட்டார் அவர்.

கேடு ஒன்றும் இல்லை என்று நாங்கள் ஒப்புக்கொண்டோம். அன்றிலிருந்து கப்டன் மட்டும் தன் ஊரில் நிலையாக இருப்பார். மற்ற எல்லோரும் ஒவ்வொரு வசந்தத்திலும் பொதுச் சட்டிக்குள் விழவேண்டும். எந்த அணிக்குப் போக விருப்பம் என்று ஆட்டக்காரன் எவனும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அந்தக் கோடை முழுக்கக் கோட்டுக்கு வெளியே. பிரிப்பு நாளில் ஆட்டக்காரரை மண்டபத்துக்குள் விடுவதில்லை. அவர்கள் பக்கத்துக் குசினியில் வெங்காயம் வெட்டி ரோல்ஸ் பொரிப்பார்கள். மண்டபத்தில் கப்டன்மாரும் எங்களைப் போன்ற பார்வையாளரும். கப்டன் யோசிக்கிற நேரம் நாங்கள் என்னவும் கத்தலாம், எவனையும் புகழலாம், எவனையும் கிழிக்கலாம். அது எங்கள் உரிமை. பந்தை நேராக உதைக்கத் தெரியாத எனக்கு உதைபந்தாட்டத்தில் இருந்த ஒரே உரிமை அதுதான்.

அந்த ஆண்டுகளில் ஸ்கீவவில் காத்திருக்காத தமிழன் நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன். கலியாணம் ஆகவில்லை, கூப்பிடுவதற்கு ஒருவரும் இல்லை. மற்றவர்கள் மனைவிக்காகக் காத்திருந்தார்கள், பிள்ளைக்காகக் காத்திருந்தார்கள். குடும்பத்தைக் கூப்பிட அவர்களுக்கு உரிமை உண்டு என்று எல்லோரும் சொன்னார்கள், அகதி உதவிக்காரரும் சொன்னார்கள். விண்ணப்பம் போட்டாகிவிட்டது. கேட்டால், பார்க்கிறோம் என்றார்கள். மறுபடி கேட்டால், பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றார்கள். அவர்களுடைய காத்திருப்புக்குத் திகதி கிடையாது. ஆள் பிரிப்புக்கு ஒரு ஞாயிறு இருந்தது. அது நாட்காட்டியில் இருந்தது, வந்தே தீரும். அதனால் ஊர் முழுக்க அந்த ஞாயிறைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. அவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அந்த நோய் தொற்றியது. சாப்பிட உட்கார்ந்தால் எழும்புவேன், எழும்பினால் எதற்கு எழும்பினேன் என்று தெரியாது.

என்னோடு ஒரே வீட்டில் இருந்தவர் எங்கள் அணியின் கோல்கீப்பர். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர், என்னைவிட மூத்தவர், நீளமான கைகள். அவருடைய மனைவியும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார்கள். அவர் புறப்படும்போது அந்தப் பிள்ளை சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தது. இப்போது ஓடுகிறது, ஓடுவதற்கு அறையில் இடமில்லை என்று மனைவி தொலைபேசியில் சொல்வாராம். அவரால் ஒரு பொருளைக் கையில் சும்மா வைத்திருக்க முடியாது. தோடம்பழமென்றால் மேலே எறிந்து பிடிப்பார், உருட்டிய காலுறையென்றாலும் அப்படித்தான். குசினியிலிருந்து யன்னலுக்கு, யன்னலிலிருந்து குசினிக்கு நடந்துகொண்டே எறிவார், பிடிப்பார். கீழ்வீட்டு டெனிஷ் கிழவி ஒருநாள் படியில் மறித்து, உங்கள் வீட்டில் யாராவது தொலைந்துபோய்விட்டார்களா, எந்நேரமும் தேடுகிற சத்தம் கேட்கிறதே என்று கேட்டாள்.

போன கோடையில் ஸ்கீவதான் கடைசி. ஆகவே இந்த முறை முதல் ஆள் எங்களுக்கு. அடுத்து விபோர்க், பிறகு ஹேர்னிங், கிண்ணம் எடுத்த இக்காஸ்ட் கடைசியாக. அந்தக் குளிர்காலம் விபோர்க் முகாமுக்கு ஒரு பெடியன் வந்திருந்தான். பந்தை முன்னால் தள்ளிவிட்டு அவன் ஓடினால், பந்து அவனைக் கூப்பிட்டுக்கொண்டு போகிறது போலிருக்கும். ஸ்கீவவில் அவனைத் தவிர வேறு கதை இல்லை. ஆனால் எங்கள் கப்டனின் மனம் வேறு பக்கம் சாய்ந்திருந்தது. அவர் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை முடிந்து வருகிற பஸ் எனக்குத் தெரியும். தரிப்பிடத்திலேயே பிடித்துவிடுவேன்.

“அண்ணை, முதல் ஆள் ஆர்?”

“இறங்க விடு ஐசே. கீப்பர்.”

“கீப்பரோ? அண்ணை, அவர் எங்கடை ஆள். ரெண்டாம் சுற்றிலை எடுக்கலாம். முதல் அந்தப் பெடியன்.”

“போன வருசம் நாங்கள் கோல் போடாமலோ தோத்தனாங்கள்? வாங்கித் தோத்தனாங்கள்.”

“அது பின்வரிசையின்ரை பிழை. பின்வரிசையிலை நீங்கள்தானே நிண்டனியள்.”

“நாளைக்கு வேறை பஸ்ஸிலை வாறன்” என்றுவிட்டுப் போவார். மறுநாளும் அதே பஸ்ஸில்தான் வருவார். அவருக்கும் இந்தக் கதை வேண்டியிருந்தது. அவருடைய மனைவியும் திருச்சியில் இருந்தார்.

பிரிப்புக்கு ரெண்டு கிழமை இருக்கும். சனிக்கிழமை காலை, கட்டடத்தின் நிலவறையில் உடுப்புத் தோய்க்கிற இடம். யந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. கீப்பர் தோய்ச்சற்பொடிப் பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு எறிந்துகொண்டு நின்றார். திடீரென்று நிறுத்தினார். அவர் எறிவதை நிறுத்தினால் ஏதோ இருக்கிறது.

“தம்பி, உன்னட்டை ஒண்டு சொல்லவேணும். சொல்லக்கூடாத விசயம்.”

“சொல்லுங்கோ.”

“நான் இக்காஸ்ட்டுக்குப் போகவேணும்.”

அவ்வளவுதான் சொன்னார். மிச்சம் எனக்குத் தெரியும். இக்காஸ்ட் அணியின் கப்டன் ஒரு பின்னல் துணித் தொழிற்சாலையில் இருந்தார். அங்கே மேற்பார்வையாளன் பந்தாட்டப் பைத்தியம். கப்டன் தன் அணிப் பெடியளுக்கு மட்டும் அவனிடம் கதைப்பார், கதைத்தால் வேலை கிடைக்கும். வேலை கிடைத்தால் அந்த ஊருக்கே போய் வீடு எடுக்கலாம். வேலையும் வீடும் உள்ளவனுடைய குடும்பத்தைத்தான் முதலில் விடுகிறார்கள் என்று அப்போது ஒரு கதை எல்லா ஊர்களிலும் ஓடிக்கொண்டிருந்தது. யார் தொடக்கியது என்று தெரியாது. ஓகூஸ் நகரில் ஒருவருக்கு அப்படித்தான் நடந்ததாம் என்றார்கள். அந்த ஒருவரை நேரில் கண்டவர் யாரும் இல்லை.

“மாட்டன் எண்டு சொல்லாதை. நான் வாய் திறந்தா வெளியிலை நிப்பாட்டிப்போடுவாங்கள். உனக்குத்தான் வாய் இருக்கு. உங்கடை கப்டன் என்னை முதல் எடுத்தா முடிஞ்சுது.”

“எங்கடை கப்டனோ? அவர் உங்கடை கப்டனும்தானே அண்ணை.”

யந்திரத்தின் வட்டக் கண்ணாடிக்குள் எங்கள் ரெண்டு பேருடைய சட்டைகளும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துச் சுற்றின.

அதற்குப் பிறகு வந்த ரெண்டு கிழமையை நினைத்தால் எனக்கு இன்றும் கால் கூசும். பஸ் தரிப்பிடத்துக்கு முன்போலவே போனேன். முதல் ஆள் அந்தப் பெடியன்தான் என்று முன்போலவே கத்தினேன். அதே சொற்கள்தான். ஆனால் முன்பு ஸ்கீவ வெல்லவேண்டும் என்று கத்தியவன் இப்போது கப்டன் எனக்குச் செவி கொடுக்கக் கூடாது என்று உள்ளே கும்பிட்டுக்கொண்டு கத்தினேன். அவர் பிடிவாதக்காரர். பிடிவாதமாகவே இருங்கோ என்று மனம் சொன்னது. வாய் அவரை வளைத்துக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்தால் கீப்பர் யன்னலடியில் நின்று ஒன்றும் கேட்காமல் முகத்தைப் பார்ப்பார். நான் சோற்றைப் போடுவேன். இந்த மனிதர் போய்விட்டால் வீட்டில் இருக்கப்போகிற சத்தமின்மையைச் சாப்பிடும்போதே கேட்டேன். அவர் போகாவிட்டால் லொட்ஜ் அறையில் ஓட இடமில்லாத பிள்ளை. அதையும் கேட்டேன். ரெண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து பருப்பை ஊற்றிப் பிசைந்தேன்.

ஞாயிறு வந்தது. விபோர்க்குக்கு வெளியே ஒரு பழைய ஊர் மண்டபம். கூரை தாழ்வு. குசினிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் சாப்பாடு நீட்டுகிற ஒரு சிறு யன்னல். அதன் மரக்கதவை மூடியிருந்தார்கள், ஆனால் கத்திகள் பலகையில் விழும் சத்தம் கேட்டது. மண்டபத்துத் திறப்புக் கொத்து வைத்திருந்த டெனிஷ்காரர் எங்களுடைய ஆரவாரத்தைப் பார்த்துவிட்டு, தேர்தலா என்று கேட்டார். அதைவிடப் பெரியது என்று ஒருவர் சொன்னார். அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பின்னால் உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் கப்டன் எழுந்தார். இருமினார். என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“ஸ்கீவ,” என்றார். “விபோர்க் முகாமிலை இருக்கிற முன்வரிசைப் பெடியன்.”

எங்கள் ஆட்கள் கதிரைகளில் ஏறிவிட்டார்கள். யாரோ என் முதுகில் அடித்து, “நீதான்ரா கதைச்சு வெண்டனி!” என்றான். மரக்கதவுக்கு அப்பால் கத்திகள் ஒரு கணம் நின்று மீண்டும் தொடங்கின. விபோர்க் கப்டன் எழுந்து, கையிலிருந்த பெடியனைப் பறிகொடுத்த எரிச்சலில் யாரோ ஒரு நடுவரிசைக்காரனைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அடுத்தது ஹேர்னிங். இதைத் தாண்டினால் இக்காஸ்ட்.

ஹேர்னிங் கப்டன் பெரிய மீசைக்காரர், நிதானமான மனிதர். மெல்ல எழுந்தார்.

“எங்கடை கீப்பர் வேலையிலை விரலை முறிச்சுப்போட்டார். எங்களுக்கு ஒரு கீப்பர் வேணும்.”

கத்திச் சத்தம் நின்றது. இந்த முறை அது மீண்டும் தொடங்கவில்லை.

ஹேர்னிங்கில் அப்போது எங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. அந்தக் கப்டனே கொம்மூன், அதாவது நகரசபை, தருகிற உதவிக் காசில் இருந்தார். நான் எழும்பினேனா, கதிரை என்னை எழுப்பியதா தெரியாது.

“எடுங்கோ அண்ணை, எடுங்கோ! பிறகு எங்களிட்டை வந்து அழக்கூடாது!”

மீசை என் பக்கம் திரும்பியது. “ஏன் தம்பி?”

“நான் அவரோடை ஒரே வீட்டிலை இருக்கிறன். மேலாலை வாற பந்து அவருக்குச் சரிவராது. மேல்தட்டிலை இருக்கிற பருப்புப் போத்தலையே நான்தான் எட்டி எடுத்துக் குடுக்கிறன்.”

மண்டபம் சிரித்தது. உண்மையில் எட்டாதவன் நான். எடுத்துத் தருகிறவர் அவர்.

“பருப்புப் போத்தலும் பந்தும் ஒண்டோ?” என்று விபோர்க் பக்கமிருந்து ஒருவர் கேட்டார்.

“ரெண்டும் அவரின்ரை கையிலை நிக்காது, அண்ணை!”

“முழங்கால் எப்பிடி?” மீசைக்காரர் சந்தேகத்தோடு கேட்டார்.

“வலது முழங்கால் மழைக்கு முதல் நோகும். நீங்களே சொல்லுங்கோ, இந்த நாட்டிலை எண்டைக்கு மழை இல்லை?”

அப்போதுதான் எதிர்பாராதது நடந்தது. ஸ்கீவக்காரர் எல்லோரும் என்னோடு சேர்ந்துகொண்டார்கள். நான் கீப்பரை ரெண்டாம் சுற்றுக்கு எங்களுக்காகக் காப்பாற்றுகிறேன் என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். “போன வருசம் நாங்கள் வாங்கின கோலுகளைக் கேட்டுப் பாருங்கோ!” என்று ஒருவன் கத்தினான். “கண்ணும் மங்கல்!” என்றான் இன்னொருவன். எங்கள் கப்டன், அந்தப் பிடிவாதக்காரர், என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். ஒரு நல்ல கோல்கீப்பரை அவருடைய சொந்த அணியே நாலு ஊருக்கு முன்னால் துண்டு துண்டாக வெட்டிப் போட்டது. மரக்கதவுக்கு அப்பால் அவர் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மீசைக்காரர் தலையைச் சொறிந்தார். “சரி, கீப்பரைப் பிறகு பாப்பம்,” என்று ஒரு பின்வரிசைக்காரனைச் சொன்னார்.

இக்காஸ்ட் கப்டன் மெலிந்த மனிதர். எழும்பக்கூட இல்லை. “எங்களுக்கு அந்த மழை முழங்கால்,” என்றார்.

ஸ்கீவக்காரர் குய்யோ முறையோ என்று கூவினார்கள். “அவன்ரை கையிலை பந்தும் நிக்காது, கண்ணும் தெரியாது எண்டு சொன்னனாங்களே!” என்று ஒருவன் கெஞ்சினான்.

“கண் தெரியாதவனுக்கே இவ்வளவு கெஞ்சுறியள் எண்டா, நான் விடுறதோ?” என்றார் இக்காஸ்ட் கப்டன். “போன வருசம் என்ரை பெடியளின்ரை பந்துகளை உந்தக் கைதான் பிடிச்சது.”

எங்கள் கப்டன் என் பக்கம் திரும்பினார். கண்ணடித்த அதே கண். “சந்தோசமோ? ரெண்டாம் சுற்றிலை எடுக்கலாம் எண்டனி.”

எதைச் சொன்னாலும் அது கீப்பரைக் காட்டிக்கொடுத்துவிடும். அப்போது மரக்கதவு திறந்தது. அந்தச் சிறு யன்னலுக்குள் அவருடைய முகம், வெங்காயத்தால் சிவந்த கண்கள். ஒரு தட்டு ரோல்ஸை நீட்டினார்.

“எட்டுதோ தம்பி, இல்லாட்டி நான் எடுத்துத் தரட்டோ?” என்றார்.

மண்டபம் மீண்டும் சிரித்தது. நானும் சிரித்தேன். தட்டை வாங்குகிறபோது அவருடைய ஈரமான விரல்கள் என் மணிக்கட்டைப் பிடித்தன. நோகும் அளவுக்குப் பிடித்துவிட்டு விட்டன.

மே மாதத்தில் இக்காஸ்ட் கப்டன் அவரைத் தொழிற்சாலை ஷிஃப்ட்டில் போடுவித்துவிட்டார். கடன் வாங்கிய காரில் ஒரு பெட்டி, ஒரு அரிசிச் சட்டி, ஒரு மரியன்னை படம் என்று கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தேன். அந்தக் கோடை மற்ற மூன்று ஊர்க்காரரும் இக்காஸ்ட் கோலுக்கு உயரப் பந்துகளாகவே அடித்தார்கள். என் சொல்லை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, தலைக்கு மேலால், வானத்திலிருந்து இறக்குவது போல அடித்தார்கள். அவர் ஒவ்வொன்றையும் பிடித்தார். பிடித்துவிட்டுக் கோட்டுக்கு வெளியே நின்ற என்னைத் தேடி, “டேய், உன்ரை வாயாலை எனக்கு முதுகு முறியுது!” என்று கத்துவார். ஸ்கீவவின் புதிய பெடியன் ஓடியபோது நான் கைதட்டினேன். அவன் அடித்ததை இவர் பிடித்தபோதும் என் கைகள் தட்டின. பக்கத்தில் நின்றவன், நீ எந்த ஊர்ரா என்று கேட்டான். நான் இடம் மாறி நின்றேன். அங்கேயும் நிற்க முடியவில்லை. கோட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

வேலை வந்துவிட்டது. ரெண்டு அறை வீடும் எடுத்துவிட்டார். மனைவிக்கும் மகளுக்கும் ஒன்றும் வரவில்லை. பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றார்கள். அடுத்த குளிர்காலமும் வந்தது.

பிறகு அந்தச் செய்தி தொலைக்காட்சியில் வந்தது. எங்களுடைய விண்ணப்பங்களை வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருந்தார்களாம். மேலிடத்துச் சொல்லாம். வேலை இருந்தவனுடையதும் இல்லாதவனுடையதும் ஒன்றாகவே கிடந்தனவாம். எங்களுடைய டெனிஷ் மொழி அப்போது அரைகுறை. ஆனால் அந்தச் செய்தியை விளங்கிக்கொள்ள அது போதுமாக இருந்தது. அன்று மாலையே அவர் தொலைபேசியில் வந்தார்.

“செய்தி பாத்தனியே?”

“ஓம் அண்ணை.”

“அப்ப வேலையாலை ஒண்டும் இல்லை. வீட்டாலையும் ஒண்டும் இல்லை.”

“இல்லைப்போலை.”

ஏதோ ஒன்றை எறிந்து பிடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்: “நான் ஸ்கீவவிலையே இருந்திருக்கலாம்.”

தொலைபேசி வயர் விடுகிற தூரம் வரைக்கும் நான் நடந்தேன். திரும்பி வந்தேன். இந்த வசனத்தை நான் ஒருகாலத்தில் எவ்வளவு விரும்பியிருப்பேன். இப்போது அது வந்து காதில் விழுந்தபோது எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

“இப்ப வாங்கோவன்,” என்றேன்.

“இப்ப வேலை இருக்கே தம்பி. வீட்டுக்குக் கையெழுத்தும் வைச்சிட்டன்.” பிறகு, குரலை மாற்றி, “சனிக்கிழமை சும்மாதானே இருக்கிறாய்? பழைய சட்டை ஒண்டு போட்டுக்கொண்டு வா,” என்றார்.

போனேன். சின்ன அறையில் இருந்த எல்லாவற்றையும் வெளியே எடுத்து, தரைக்குப் பத்திரிகைத் தாள் விரித்திருந்தார். ஒரு வாளி நிறைய மஞ்சள் பெயின்ற். ஒரு ரோலரை என் கையில் தந்தார். கதை குறைவாகத்தான் இருந்தது. கீழ்ச்சுவர் எனக்கு, மேல்சுவர் அவருக்கு. மதியம் வரைக்கும் நிற்காமல் இழுத்தார். ஒரு சுவரை முடித்துவிட்டு மூச்சு வாங்காமல் அடுத்ததுக்குப் போனார்.

“அண்ணை, அவை எப்ப வருவினம் எண்டு ஏதும் சொன்னவங்களோ?”

“இல்லை.”

“அப்ப என்ன இவ்வளவு அவசரம்? திகதி வரட்டும், பிறகு பூசலாம்தானே.”

அவர் ரோலரை வாளிக்குள் அமுக்கி எடுத்தார். சொட்டுகிறதா என்று பார்த்தார்.

“மணம் போகவேணும்,” என்றார். “பிள்ளைக்குக் கூடாது.”